மருத்துவருக்கு முன் வியாபாரி வந்தார்

போன ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி உள்ளே போகும் ஒரு காலனியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடுவதாக இருந்தது. கூடவில்லை. வழக்கமாக எங்களுக்குத் திண்ணை தரும் அக்காவின் நான்கு ஆடுகளும் காய்ச்சலில் கிடந்தன. மூக்கில் சளி, கண்ணில் பீளை, வாயெல்லாம் புண், பின்னங்கால் முழுக்கக் கழிச்சல். "நேத்துலருந்து ஒரு தழை தொடலப்பா" என்றார் அக்கா.

முந்தின நாளே கால்நடை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார். "ஆட்டை ஓட்டிக்கிட்டு வாங்க" என்று பதில். நிற்க முடியாத ஆட்டை எப்படி ஓட்டுவது? நான்கையும் ஆட்டோவில் ஏற்றினால் அவருடைய ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் ஆட்டு வியாபாரிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. அவரே வண்டியில் வந்து நின்றார். "பாதி விலைக்குக் குடுத்துடும்மா, நாளைக்கு இதுவும் தேறாது" என்றார்.

அக்கா கொடுக்கவில்லை. நாங்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஆடுகளோடு உட்கார்ந்தோம். தோழர் ஒருவர் கேட்டார்: "நாம வந்த வேலை என்ன, இப்ப செய்யுற வேலை என்ன?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறோம்.

1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது அந்தக் காலனியில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அழைத்தோம். மறுநாள் வந்த மருத்துவர் பார்த்தவுடன் ஆட்டுக்கொல்லி என்றார். இது வைரஸ் நோய். வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. பலவீனப்பட்ட உடம்பில் வேறு கிருமிகள் தொற்றி நிமோனியா ஆகாமல் இருக்க ஊசி போடலாம். மற்றது எல்லாம் பராமரிப்புதான் என்றார்.

அந்தப் பராமரிப்பை அக்காவிடம்தான் கற்றோம். நோய்ப்பட்டதைத் தனியே கட்டி, தண்ணீர்ச் சட்டியையும் தனியே வைக்க வேண்டும். வாய்ப்புண்ணை உப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். கழிச்சலில் போகும் நீரை ஈடுகட்ட உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், நீர்த்த கஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும். புகட்டும்போது தலையை அண்ணாந்து பிடித்தால் நுரையீரலுக்குள் போய் ஆடு செத்துவிடும். தாடை தரைக்கு இணையாக இருக்க வேண்டும். மழை ஈரம் ஏறாமல் கீழே கோணிப்பை. ஏழெட்டு நாள் அக்கா சரியாகத் தூங்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. மூன்று ஆடுகள் பிழைத்தன. சினையாக இருந்த ஒன்று செத்தது. அதை ஏரியில் வீசாமல் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

இனி அரசியலுக்கு வருவோம்.

இந்த நோய் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டது வேறெங்கோ அல்ல. 1987இல், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூர் கிராமத்தில். அந்த ஊர் ஆட்டிலிருந்து பிரித்த வைரஸை வைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 'அரசூர் 87' என்றே பெயர். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே, ராணிப்பேட்டையில், 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இயங்குகிறது. ஒரு முறை போட்டால் சுமார் மூன்று ஆண்டுக்குப் பாதுகாப்பு தரும் ஊசி இது. நோயும் நம் பக்கத்தில், மருந்தும் நம் பக்கத்தில். ஆனால் அக்காவின் ஆடுகளுக்கு ஊசி போடப்படவில்லை.

ஏன்? தடுப்பூசி முகாம் நடந்திருக்கிறது. ஊருக்குள், கோயில் திடலில். மைக் கட்டிய ஆட்டோ ஊர்த் தெருக்களில் சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டது. காலனிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் கோயில் திடலுக்கு ஆட்டை ஓட்டிப்போக எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும்? யாரும் யாரையும் திட்டவில்லை, தடுக்கவில்லை. முகாம் நடந்ததாகப் பதிவேட்டிலும் ஏறியிருக்கும். தீண்டாமை இப்போது பல இடங்களில் இப்படித்தான் வேலை செய்கிறது.

மாட்டைத் தாக்கிய வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவான ஆட்டுக்கொல்லியை 2030க்குள் ஒழிப்பது என்று உலக அமைப்புகள் இலக்கு வைத்திருக்கின்றன. அந்த இலக்கு காலனியின் கடைசித் தெரு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே நான்கு ஆடு விடுபட்டால் நோய் அங்கிருந்து ஊருக்கும் போகும். வைரஸ் சாதி பார்ப்பதில்லை.

அதே 2011, செப்டம்பர் 15. அன்றைய தமிழ்நாடு அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்கு நான்கு ஆடு, ஐந்து ஆண்டில் ஏழு லட்சம் குடும்பம் என்பது இலக்கு. எத்தனையோ சேரிப் பெண்களுக்கு அது முதல் சொத்து. அதை இலவசம் என்று கிண்டல் செய்த நடுத்தர வர்க்கப் பொதுப்புத்தியோடு நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆட்டைப் பெற நிலமில்லாதவராக இருக்க வேண்டும் என்பது ஒரு தகுதி. சரி, நிலமில்லாதவரின் ஆடு எங்கே மேயும்?

மேய்க்கால் புறம்போக்கில் மேயலாம் என்பார்கள். அது இப்போது எங்கே இருக்கிறது? கொஞ்சம் ஆக்கிரமிப்பில், கொஞ்சம் வீட்டுமனையாக, கொஞ்சம் தொழிற்பேட்டையாக. பரந்தூரில் 13 கிராமங்களின் நிலத்தை விமான நிலையத்துக்குக் கேட்கிறார்கள். பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு கணக்கிடுவார்கள். புறம்போக்கில் நான்கு ஆடு மேய்த்தவருக்கு எந்தக் கணக்கு? மேய இடமில்லாத ஆடு ரோட்டோரப் பிளாஸ்டிக்கைத் தின்கிறது. கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோற்றைத் தின்று வயிறு உப்பிச் சாகிறது. அதையும் நோய் என்றுதான் எழுதுவார்கள்.

இந்த மண்ணில் இந்தக் கேள்வி புதிதல்ல. காஞ்சிபுரம் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையிலிருந்துதான் 1892இன் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்த நிலத்தை மீட்கப் போராடிய காரணையில் 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். ஆட்டுக்குத் தழை தேடி அக்கா நடக்கும் தூரமும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

"படித்த பிள்ளைகளை மறுபடி ஆடு மேய்க்கச் சொல்கிறீர்களா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். இல்லை. சாதி சுமத்திய தொழிலைப் புகழ்ந்து பாட நாங்கள் வரவில்லை. செத்த மாட்டைத் தின்பதை விடுங்கள் என்று 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சொன்னதன் பொருள் நமக்குத் தெரியும். நம் தாத்தாக்களை விலங்கு செத்த பிறகு மட்டும்தான் கூப்பிட்டார்கள். இன்று நம் பெண்கள் தங்கள் சொந்த ஆட்டைச் சாகாமல் காக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. அக்காவின் மகள் செவிலியர் படிப்பு படிக்கிறார். அவருடைய இரண்டாம் ஆண்டுக் கட்டணம் அந்தக் கொட்டகையில்தான் கட்டிக் கிடந்தது. வியாபாரி பாதி விலை சொன்னபோது அந்தப் படிப்புக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஆகவே தோழர்களே, மூன்று வேலை. உங்கள் பகுதி காலனியில் எத்தனை ஆடு இருக்கிறது, எத்தனைக்கு ஊசி போட்டிருக்கிறார்கள் என்று வீடு வீடாக எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு கால்நடைத் துறைக்கு மனுக் கொடுத்து, ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன், காலனிக்குள்ளேயே முகாம் கேளுங்கள். மேய்க்கால் புறம்போக்கின் சர்வே எண்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கிராம சபையில் வையுங்கள். பொதுச் சொத்தைப் பயன்படுத்த விடாமல் தலித் மக்களைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தின்படி குற்றம் என்பதை நினைவில் வையுங்கள்.

எங்கள் காலனியில் பட்டியல் முடிந்துவிட்டது. மனுவும் கொடுத்தாயிற்று. முகாம் தேதிக்குக் காத்திருக்கிறோம். வராவிட்டால் ஆடுகளையே அலுவலக வாசலுக்கு ஓட்டிப்போவதாக அக்கா சொல்லியிருக்கிறார். வாசிப்பு வட்டம் அடுத்த ஞாயிறு, அதே திண்ணையில்.

ஜெய்பீம்.