தரிசு என்னும் சொல்

பயிர் விளையாத நிலத்தைத் 'தரிசு' என ஏட்டில் பதிவது நெடுநாளைய வழக்கம். உழவனுக்குப் பயன்படாத மண் எவ்வுயிருக்கும் பயன்படாது என்னும் எண்ணம் அச்சொல்லினுள் மறைந்து கிடக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பதற்கு ஆந்திர மாநிலத்தின் கடப்பா மாவட்டத்து முட்புதர் நிலங்களில் வாழும் ஜெர்டான் கல்குருவி ஒன்றே போதிய சான்றாகும்.

மைனாவைவிடச் சற்றே பெரிய இப்பறவை பகலில் புதர்நிழலில் பதுங்கியிருக்கும். இருள் கவிந்தபின் புதர்களுக்கு இடைப்பட்ட வெற்றிடங்களில் ஓடித்திரிந்து பூச்சிகளைத் தேடும். 1848இல் அறிவியல் உலகிற்கு அறிமுகமான இது, 1900க்குப் பின் எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. அழிந்தொழிந்தது என்றே பலரும் கருதினர். 1986ஆம் ஆண்டு சனவரியில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தாரின் தேடலின்போது, அப்பகுதியின் பறவை பிடிப்பவர் ஒருவரால் இது மீண்டும் வெளிப்பட்டது. அறிஞர்கள் இழந்துவிட்டதாக எண்ணியதை இரவில் விளக்கேந்திக் காட்டில் நடந்தவர் அறிந்திருந்தார்! ஏட்டறிவு தலைதாழ்த்த வேண்டிய இடம் இது.

இதன் வாழிடத்தின் ஊடே தெலுங்கு கங்கைக் கால்வாய் வெட்டத் திட்டமிடப்பட்டிருந்தது. கிருஷ்ணை நீரைச் சென்னையின் குடிநீருக்கும் ஆந்திரத்து வயல்களுக்கும் கொண்டுசேர்ப்பது அத்திட்டம். நீரின் தேவையை எவரும் மறுக்கவியலாது. எனினும் பறவையின் பொருட்டுக் கால்வாயின் வழி மாற்றப்பட்டது. லங்கமலைப் பகுதி சரணாலயமாயிற்று. நகரின் தாகமும் தணிந்தது. ஒன்றை அழித்தே மற்றொன்றைப் பெறவேண்டும் என்போர் இந்நிகழ்வைக் கருதிப் பார்த்தல் நன்று.

ஆயினும் கால்வாயினும் நுண்ணிய தீங்கு நல்லெண்ணத்தின் வடிவில் வருகிறது. புதர்நிலத்தைக் கண்டவுடன் மரக்கன்றுகளை நட்டுப் பசுமையாக்க விழைவோர் பலர். முற்றும் வெட்டவெளியாக்கினாலும் அடர்காடாக்கினாலும் இப்பறவைக்கு அங்கு இடமில்லை. அளவான மேய்ச்சலே புதர்கள் செறிந்துவிடாமல் காக்கிறது என்பது ஆய்வாளர் கருத்து. ஆட்டுமந்தையைப் பகையெனக் கருதி விரட்டுவதும் ஆராய்ந்து செய்யத்தக்கதே.

நேரில் காண்பது அரிதாதலின், ஆய்வாளர்கள் புதர்களுக்கிடையே மென்மண்ணைப் பரப்பிவைத்து, விடியலில் அதிற்பதிந்த காலடித் தடங்களைத் தேடினர். தரிசென்று எழுதப்படும் ஒவ்வொரு நிலத்திலும், அவ்வாறு எழுதுமுன் ஓர் இரவேனும் மண் பரப்பிப் பார்த்தல் தகும்.