மாம்பழத்துக்குச் சாதி இல்லை, மாந்தோப்புக்கு உண்டு

கோடை முடியும் நேரத்தில் கிருஷ்ணகிரியில் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி களைகட்டும். மல்கோவா, செந்தூரா, பங்கனப்பள்ளி, இமாம் பசந்த், அல்போன்சா என்று அடுக்கி வைத்துச் சீட்டு எழுதியிருப்பார்கள். நல்ல பழம் விளைவித்தவருக்குப் பரிசு உண்டு. அரசுத் துறை அரங்குகள், ராட்டினம், மாலையில் கலை நிகழ்ச்சிகள். நம் பிள்ளைகளும் போகிறார்கள், நாங்களும் போகிறோம். மாம்பழம் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் ஒன்று கேட்கிறோம். பழத்தின் பெயர் இருக்கிறது, தோட்டக்காரர் பெயர் இருக்கிறது. பறித்தவர் பெயர் எங்கே?

கேட்டதும் பதில் வரும்: "மாம்பழத்திலுமா சாதி பார்ப்பீர்கள்?" பழத்தில் சாதி இல்லை தோழர்களே. மரம் நிற்கிற மண்ணில் இருக்கிறது.

கேழ்வரகு, நிலக்கடலை என்றால் ஒரு போகத்துக்குக் குத்தகை பிடித்து விதைக்கலாம். மா அப்படியல்ல. ஒட்டுக்கன்று வைத்தாலே காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். பிறகு பல பத்தாண்டுகள் பலன் தரும். நாளை கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் மாங்கன்று நடுவார்? தோப்பு என்றாலே தலைமுறை தலைமுறையாக நிலம் இருந்திருக்கிறது என்று பொருள். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சாகுபடி நிலத்தில் நம்மிடம் இருப்பது ஏறத்தாழ 8.6 சதவீதம். தமிழ்நாட்டில் ஐந்து பேரில் ஒருவர் நாம். ஐந்து தோப்பில் ஒன்று நம்முடையதா?

நமக்குக் கிடைத்தது தொரட்டியும் கூடையும் லாரிக்குச் சுமக்கிற தோளும். காம்பு ஒடிந்ததும் பீறிடும் பால் பட்டு வெந்துபோன கை. கூழ் ஆலைகளில் சீசன் இருக்கும்வரை மட்டும் வேலை. விலை சரியும்போது விவசாயிகள் மாங்காயைச் சாலையில் கொட்டிப் போராடுகிறார்கள். நியாயமான போராட்டம், நாங்களும் உடன் நிற்கிறோம். ஆனால் பறிக்காமல் விட்ட தோப்பில் கூலி இழந்தவர்களுக்கு நிவாரணம் கேட்டு எந்த மேடை பேசியது?

நிலமின்மை நம் தலையெழுத்து அல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் பஞ்சமி நிலம் வழங்க ஆங்கிலேய அரசு முடிவெடுத்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று கணக்கிடப்படுகிறது. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் பெரும்பகுதி நம் கையை விட்டுப் போனது. மீட்கக் கிளம்பிய போராட்டத்தில் 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். காரணை என்ற ஊரின் பெயரை மறக்காதீர்கள்.

கண்காட்சியைப் புறக்கணியுங்கள் என்று சொல்லவில்லை. போங்கள், வயிறாரத் தின்னுங்கள். ஆனால் பறிப்பவர்களுக்கும் சுமப்பவர்களுக்கும் ஓர் அரங்கு கேளுங்கள். அன்றைய கூலி எவ்வளவு என்று அங்கே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி விடுமுறையில் இன்னொரு வேலையும் இருக்கிறது. சொந்த ஊரின் 'அ' பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, பஞ்சமி என்றிருந்த சர்வே எண் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா கூலிக்குக் காய் பறித்த தோப்பு, அவருக்கே எழுதிக் கொடுக்கப்பட்ட நிலமாகவும் இருக்கலாம்.