தன் கோவிலைக் காக்காத தேவி!

துருக்கி தேசத்தில் பாழடைந்து கிடக்கும் எபேசு நகரத்தைச் சுற்றிப் பார்ப்போர், சுமார் 24,000 பேர் உட்காரத்தக்க அதன் நாடக அரங்கத்தில் நின்று சற்று யோசிக்க வேண்டுமென்கின்றோம்.

கி.பி. முதல் நூற்றாண்டில், விக்கிரகம் கடவுளாகாதென்று பவுல் என்பவர் பேசியதால், ஆர்ட்டெமிஸ் தேவிக்கு வெள்ளியில் சிறு கோவில்கள் செய்து விற்றவர்கள் தங்கள் வியாபாரம் கெடுமென்று ஜனங்களைக் கிளப்பிவிட்டார்கள். கூட்டம் இந்த அரங்கத்தில் புகுந்து இரண்டு மணி நேரம் தேவியின் பெயரைக் கூவிற்று. பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்பதே தெரியாதென்று கிறிஸ்தவ வேதம் கூறுகின்றது. இது பக்தியா? பிழைப்பா?

அந்தத் தேவியின் யோக்கியதைதான் என்ன? உலக அதிசயம் ஏழில் ஒன்றெனப்பட்ட அவள் கோவிலை கி.மு. 356-ல் ஒருவன் கொளுத்தினான். மறுபடி கட்டியதை கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் காத் கூட்டத்தார் சூறையாடினர். இன்று நிற்பது ஒரே தூண். அதுவும் உடைந்த துண்டுகளை மனிதன் பொறுக்கி அடுக்கியது!

தேவி போய் ஏசு வந்தார். 431-ல் கிறிஸ்தவ குருமார் மகாசபை கூடிய மரியாள் கோவிலும் இடிந்தே கிடக்கின்றது. ஆற்று வண்டலால் துறைமுகம் தூர்ந்து நகரம் அழிந்தபோது எந்தக் கடவுளும் ஒரு கூடை மண் அள்ளவில்லை.

தோழர்களே! கடவுளைக் காப்பாற்ற வாருங்கள் என்று எவன் கூப்பிட்டாலும், முதலில் அவன் கல்லாப்பெட்டியைப் பாருங்கள்!