வாளேந்திய மாப்பிள்ளை

நாகரிகம் அளவு மீறும்போது அதைப் பரிகாசம் செய்ய ஓர் ஆள் வேண்டும். காஞ்சீபுரத்துக்கு இது புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் இங்கே அரசாண்ட மகேந்திரவர்ம பல்லவனே ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்று வடமொழியில் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினான். தன் தலைநகரத்து வீதியிலேயே போலித் துறவிகளைச் சந்தி சிரிக்க வைத்தான்.

சீமையில் அந்தக் காரியத்தை அச்சுப் படங்கள் செய்தன. 1778-ல் பிரெஞ்சுக்காரர் படையெடுத்து வரக்கூடும் என்ற அச்சத்தில், காக்ஸ்ஹீத் என்ற இடத்தில் ஆங்கிலப் பட்டாளம் கூடாரம் அடித்தது. உடனே பிரபுக்கள் வீட்டுப் பெண்மணிகள் பட்டாளத்துச் சட்டை மாதிரியே உடை தைத்துக்கொண்டு உலா வந்தார்கள். அவர்களைக் கேலி செய்து படங்கள் அச்சாயின. சண்டைக்குப் போகாதவருக்குச் சிப்பாய் உடை எதற்கு?

இன்று நம் கல்யாண மண்டபங்களுக்கும் அப்படி ஒரு படம் தேவை. மாப்பிள்ளை ராஜா வேஷத்தில் வருகிறார். கிரீடம் வாடகை, வாளும் வாடகை! பக்கத்தில் மணப்பெண்ணுக்கு ‘அரச காலத்துப் பட்டு’ என்ற பெயரில் விசைத்தறி நகல். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் கல்லாய் நிற்கும் பல்லவ வீரர்கள் பார்த்தால் சிரிப்பை அடக்கமாட்டார்கள்.

அதற்காகப் பழமை என்றாலே நகைத்துவிடலாமா? கூடாது. 1936-ல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அங்கே நெசவுக்கூடமும் வைத்துப் பழைய கரைகளையும் வண்ணங்களையும் மீட்டார். அந்த ரசனை தறிக்கு வேலை கொடுத்தது.

கோர்வைச் சேலையை எண்ணிப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோக்க மூன்று நாடா வேண்டும். நெசவாளிக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். இரண்டு பேருக்குக் கூலி கொடுக்க வாங்குகிறவர் தயங்கினால், அந்த வேலையைக் கற்றுக்கொள்ளப் பிள்ளைகள் ஏன் வரப்போகிறார்கள்?

ஆகவே கேலிச்சித்திரக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். வாடகைக் கிரீடத்தைத் தாராளமாக வரையுங்கள். பழமையை மெச்சிக்கொண்டே கூலியில் பேரம் பேசுகிறவரையும் விடாதீர்கள். தறியில் குனிந்திருப்பவரை மட்டும் விட்டுவிடுங்கள். ராஜா காலத்து வேலையை இன்னும் நிஜமாகச் செய்துகொண்டிருப்பவர் அவர்தான்.