பிள்ளை பிக்ஸி சைக்கிள் கேட்டால் முதலில் ரயரைப் பாருங்கள்

எங்கள் மூத்தவன் சேர்த்த காசில் ஒரு பழைய "பிக்ஸி" வாங்கி வந்தான். பிரீவீல் இல்லாத சைக்கிள். சில்லு சுற்றும் வரை பெடலும் சுற்றும், காலை ஓய்வாக வைத்திருக்க முடியாது. வேகத்தைக் குறைக்கவும் காலால்தான் எதிர்த்து அமத்த வேண்டும். "கியரும் இல்லை, பாரமும் இல்லை அப்பா" என்றான். முன்பிரேக்கையும் கழற்றி விட்டிருந்தார்கள். ரயர் 23 மில்லிமீற்றர், விரல் மொத்தம்.

நவம்பர் மாதம் ரவுணுக்குள் கல் பதித்த தெருவில், மழை ஈரத்தில், வழுக்கி விழுந்தான். முழங்கை உரசியதோடு தப்பினான். சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். பின்ரயரில் ஒரே ஒரு இடத்தில் றப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. மற்ற இடமெல்லாம் புதிது போல!

காரணம் கணக்குத்தான். முன்பல்லு 48, பின்பல்லு 16. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சில்லு சரியாக மூன்று சுற்று. ஒரே காலை முன்னுக்கு வைத்துச் சறுக்கி நிறுத்துகிறவனுக்கு ஒவ்வொரு முறையும் ரயரின் அதே இடம்தான் தெருவில் தேயும். பின்பல்லை 17 ஆக மாற்றினால் அந்தத் தேய்மானம் 17 இடங்களுக்குப் பிரிந்து போகும். ஒரு பல்லுச் சக்கரத்தின் விலையில் எத்தனை ரயர் மிஞ்சும் என்று யோசியுங்கள்.

என் அபிப்பிராயம்: ஹேர்னிங்கில் ஓடும் முதல் பிக்ஸிக்கு 28 மில்லிமீற்றருக்குக் குறைந்த ரயர் வேண்டாம். பிரேமில் இடம் இருந்தால் 32 போடுங்கள். சில பிரேம்கள் ஓட்டப் பாதைக்கென்றே செய்தவை, 25க்கு மேல் உள்ளே போகாது. ஆகவே வாங்கும் முன்பே அளந்து பாருங்கள். மெல்லிய ரயர்தான் வேகம் என்பது பழைய கதை. 2012 மே மாதம் ஜீரோ டி இத்தாலியா எங்கள் ஹேர்னிங்கிலேயே தொடங்கியபோது வீரர்கள் 23, 25 அளவில் ஓடினார்கள். இன்று அவர்களே 28க்கும் அதற்கு மேலும் வந்துவிட்டார்கள்.

இன்னுமொரு குழப்பம். ஊரில் நாங்கள் ஓடிய றலி, லுமாலாவுக்கு 28 இஞ்சி என்று சொல்லி ரயர் வாங்கினோம். இங்கேயும் 28 என்றே சொல்வார்கள், ஆனால் அது வேறு. ரயரின் பக்கத்தில் 28-622 என்று ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், மற்றது றிம்மில் உட்காரும் விட்டம். ஊர்ச் சைக்கிளின் 28 × 1½ என்பது 635. அதை 622 றிம்மில் ஏற்றினால் தளர்ந்து கழன்று விடும். நானே ஒருமுறை தவறாக வாங்கிக் கொண்டு வந்தவன்தான்.

பின்னுக்கு றப்பர் தடித்ததும் ஊசி, கண்ணாடி ஏறாத உள்பட்டி உள்ளதுமான ரயர் எடுங்கள். முன்னுக்கு ஈரத்தில் பிடிக்கும் மெதுவான றப்பர் நல்லது. காற்றை இரும்பு போல அடிக்கவும் வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 28 ரயரில் ஏறக்குறைய 5 பார், 32இல் 4 பார் போதும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. பனிக்காலத்துக்கு ஆணி பதித்த ரயரும் கிடைக்கிறது, ஆனால் பிக்ஸி பிரேமில் அநேகமாக இடம் போதாது. அந்த நாட்களில் பழைய சைக்கிளை எடுப்பதே புத்தி.

பிரேக் விடயத்தில் நான் விட்டுக் கொடுக்கவில்லை. டென்மார்க் சட்டப்படி சைக்கிளுக்கு ஒன்றிலொன்று தங்காத இரண்டு பிரேக் வேண்டும். பிரேக் இல்லாமல் ஓடும்போது அந்தச் சுமையெல்லாம் முழங்காலுக்கு. மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எதிராக மிதிப்பதே முழங்காலுக்குப் போதிய வேலை. முன்பிரேக்கைத் திரும்பப் பூட்ட அவனுக்கு விருப்பமில்லை, ஸ்ரைல் கெட்டுப் போகுமாம். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கராஜில் ஸ்பனர் சத்தம் கேட்டது.