வயர் தெரியட்டும்

யூடியூபில் ஒரு வகை வீடியோ உண்டு. வெள்ளைச் சுவர், மர மேசை, மேலே ஒரு பிஎஸ்5, பக்கத்தில் ஒரு செடி. வயர் ஒன்றுகூடக் கண்ணில் படாது, ஏதோ கரண்ட் காற்றில் வருகிற மாதிரி. கீழே எல்லோரும் "செம்ம க்ளீன் ப்ரோ" என்று உருகுவார்கள். நானும் உருகியவன்தான். அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

இவர்கள் ஓதும் மந்திரம் ஒன்று: ஒரு வருடம் தொடாத பொருளைத் தூக்கிப் போடு. வாடகை வீடு மாறியபோது இதைக் கேட்டு, ஒரு கட்டைப்பை நிறைய வயர்களைப் பழைய இரும்புக் கடையில் போட்டேன். கிடைத்த காசு டீக்கும் வடைக்கும் சரியாகப் போனது. அந்தப் பையில் 1998இல் அப்பா போனஸ் பணத்தில் வாங்கித்தந்த டிவி கேமின் அடாப்டரும் இருந்திருக்கிறது.

போன தீபாவளிக்கு வந்த அப்பா, "அந்த டாங்கி கேம் இன்னும் ஓடுமாடா?" என்றார். பரணிலிருந்து இறக்கினேன். ரவுட்டரின் அடாப்டர் முனை கச்சிதமாகப் பொருந்தியது, செருகிவிட்டேன். ரவுட்டருக்கு நடுமுனை பாசிட்டிவ், அந்தப் பெட்டிக்கு நடுமுனை நெகட்டிவ். கருகல் வாசனை வந்தது. "சரி விடு, காபி போடு" என்றார் அப்பா. நான்கு வருடம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். அடாப்டர் மேல் அச்சடித்திருக்கும் அந்தக் குட்டி வட்டப் படத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் இந்தக் கண்ணியை வைத்தவர்கள் கம்பெனிக்காரர்கள். நிண்டெண்டோவின் என்இஎஸ் அடாப்டர் தருவது ஏசி. அதே நிண்டெண்டோவின் ஜப்பான் ஃபாமிகாமுக்கு வேண்டியது டிசி. முனை மட்டும் பொருந்தும், செருகினால் ஃபாமிகாம் போச்சு. பிஎஸ்3 கன்ட்ரோலருக்கு மினி யுஎஸ்பி, பிஎஸ்4க்கு மைக்ரோ, பிஎஸ்5க்கு டைப்-சி. முடியாமல் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் ஏவி கேபிள் 2006இல் வந்த பிஎஸ்3யிலும் வேலை செய்யும். கையடக்க கேம் கருவிகளுக்கும் டைப்-சி கட்டாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, அது 2024 டிசம்பர் 28இல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை சேர்ந்த வயரெல்லாம் நம் பரணில் கிடக்கிறது.

"வீட்டில் குழந்தை இருக்கு, வயர் காலைத் தடுக்கும்" என்பீர்கள். நியாயம், ஓரமாகக் கட்டி வையுங்கள். நான் சண்டை போடுவது மறைப்பதோடு. மூடிய அலமாரிக்குள் கன்சோலை அடைத்தால் அது தன் சூட்டையே திரும்ப மூச்சிழுக்கும். அதைவிட மோசம் அந்த அழகான டப்பாக்கள்: எச்டிஎம்ஐக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, அடாப்டருக்கு ஒன்று. பார்க்க லட்சணமாக இருக்கும். எது எதனுடையது என்று இரண்டு வருடம் கழித்துக் கடவுளுக்கும் தெரியாது.

அடாப்டர் அதன் கன்சோலோடு ஒரே பெட்டியில் குடியிருக்க வேண்டும். வயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எந்தப் பெட்டி, எத்தனை வோல்ட், நடுமுனை என்ன என்று மார்க்கரில் எழுதுங்கள். கன்ட்ரோலர் கழுத்தைச் சுற்றி வயரை இறுக்காதீர்கள், உள்ளே கம்பி அறுவது அந்த மடிப்பில்தான். தளர்வான வளையமாகச் சுற்றித் துணிநாடாவால் கட்டினால் போதும். ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம், சென்னை வெயிலில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். பிஎஸ்பி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், உப்பியிருக்கலாம்.

என் டிவி கேமை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். மெக்கானிக் அண்ணன் பெட்டியைத் திறக்கவே இல்லை. முதல் கேள்வி, "இதோட அடாப்டர் கொண்டாந்தீங்களா சார்?"