வரிசை மாறினால் வெப்பமும் மாறும்



சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் செல்லும் பேருந்தில் நீங்கள் ஒருமுறையேனும் சென்றிருக்கலாம். பண்ணாரி அம்மன் கோவிலைக் கடந்ததும் சாலை மலையேறத் தொடங்குகிறது. திம்பம் உச்சியை அடைவதற்குள் 27 கொண்டை ஊசி வளைவுகள்! வளைவுக்கு வளைவு ஓட்டுநர் கியரைக் குறைக்கிறார், என்ஜின் உறுமுகிறது. சில நாள்களில், முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆவி பறக்கச் சாலையோரம் நிற்கும் பழைய கார் ஒன்றையும் காணலாம்.

அக்காரின் சொந்தக்காரருக்கு, அதுவும் அது ஆட்டோமேட்டிக் கியர் உள்ள காராக இருந்தால், பலரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "கியர் எண்ணெய்க்குத் தனியாக ஒரு கூலர் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்." இந்த யோசனையில் பாதி சரி, பாதி தவறு என்பது என் கருத்து. கூலர் போடுவது நல்லதுதான். ஆனால், போட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. அதை எந்த இடத்தில், எந்த வரிசையில் இணைக்கிறோம் என்பதில்தான் பயன் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உங்கள் பள்ளிப் பாடநூலில் உள்ள வெப்பவியலே போதும்.

வெப்பம் எங்கே பிறக்கிறது?

நம் சாலைகளில் நெடுங்காலம் ஓடிய அம்பாசடர் காரில் (அதன் உற்பத்தி 2014இல் நின்றது) கியர்களை ஓட்டுநரே கையால் மாற்ற வேண்டும். அங்கே பல்சக்கரம் பல்சக்கரத்தோடு நேரடியாகப் பொருந்திச் சுழல்கிறது. உராய்வால் உண்டாகும் வெப்பம் குறைவு. கியர்பெட்டியின் இரும்பு உடலே அதை வெளிக்காற்றில் விட்டுவிடும். ஆகவே அதற்குக் கூலர் தேவையில்லை.

தொண்ணூறுகளில் மாருதி ஜென், ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் ஆட்டோமேட்டிக் வகையும் நம் நாட்டில் விற்கப்பட்டது. இவ்வகையில் என்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே 'டார்க் கன்வெர்ட்டர்' என்னும் முறுக்குவிசை மாற்றி இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் மின்சாரத்தில் ஓடவிடுங்கள். அது தள்ளும் காற்றினால் மற்றதும் சுழலும் அல்லவா? இங்கே காற்றுக்குப் பதிலாக எண்ணெய் அந்த வேலையைச் செய்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905இல் காப்புரிமை பெற்ற கருத்து இது. இதே அடிப்படையில் முழு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939இல் பெருமளவில் தயாரித்து விற்கத் தொடங்கியது.

இரண்டாவது விசிறி முதல் விசிறியின் வேகத்தை முழுவதும் எட்டுவதில்லை. இந்த வழுக்கல்தான் வெப்பத்தின் பிறப்பிடம். சமவெளியில் சீராக ஓடும்போது வழுக்கல் குறைவு. திம்பம் மலையில் மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது வழுக்கல் மிகுதி. என்ஜின் 30 கிலோவாட் திறனைத் தருவதாகவும், அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் வீணாவதாகவும் வைத்துக்கொள்வோம். அது 3 கிலோவாட். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் 1 கிலோவாட் ஹீட்டர் கம்பிகள் மூன்றைச் சில லிட்டர் எண்ணெய்க்குள் போட்டு வைத்தது போல! எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்தால் கெட்டுப்போகும். ரப்பர் அடைப்புகள் இறுகி வெடிக்கும். உள்ளே உள்ள கிளட்ச் தகடுகள் தேய்ந்து கருகும்.

இன்று பல சிறிய கார்களில் 'ஏ.எம்.டி.' என்ற முறையும் வருகிறது. அதில் முறுக்குவிசை மாற்றி கிடையாது. சாதாரணக் கியர்பெட்டியின் கிளட்சை ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே 'ஆட்டோமேட்டிக்' என்ற பெயரை மட்டும் பார்த்துக் கூலர் தேடிப் போகக்கூடாது. வெப்பம் பிறக்கும் இடத்தை முதலில் கேட்க வேண்டும்.

இரண்டு கூலர்கள், இரண்டு வரிசைகள்

முறுக்குவிசை மாற்றி உள்ள பல கார்களில் தொழிற்சாலையிலேயே ஒரு கூலர் வைத்திருப்பார்கள். ரேடியேட்டரின் ஒரு பக்கத் தொட்டிக்குள் சிறு குழாய் ஒன்று இருக்கும். கியர்பெட்டியின் எண்ணெய் அதன் வழியே சென்று, ரேடியேட்டர் நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும். ஆனால் மலையேறும்போது அந்த நீரே கொதிநிலையை நெருங்கி நிற்கிறது. நீர் 90 டிகிரியில் இருந்தால், எண்ணெயை 90 டிகிரிக்குக் கீழே அதனால் குளிர்விக்க இயலாது. வெப்பம் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் பாயும். எதிர்த்திசையில் தானாகப் பாயாது.

இங்கேதான் துணைக் கூலர் உதவுகிறது. சிறு ரேடியேட்டர் போன்ற அதனைக் காரின் முன்புறம் காற்று வாங்கும் இடத்தில் பொருத்துவார்கள். சரி, எண்ணெய் முதலில் எதற்குள் போக வேண்டும்? ரேடியேட்டருக்குள்ளா, துணைக் கூலருக்குள்ளா? "எதில் போனால் என்ன, இரண்டிலும்தானே போகிறது?" என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எண்ணெய் 130 டிகிரியில் வெளியே வருகிறது. ரேடியேட்டர் நீர் 90 டிகிரி. வெளிக்காற்று 40 டிகிரி. ஒவ்வொரு கூலரும், தன்னிடமுள்ள நீர் அல்லது காற்றுக்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பாதியாக்குவதாக எளிமைக்காக வைத்துக்கொள்வோம்.

முதல் வரிசை: ரேடியேட்டர் முதலில், துணைக் கூலர் பிறகு. ரேடியேட்டரில் வேறுபாடு 40. பாதி குறைய, எண்ணெய் 110 டிகிரி ஆகிறது. துணைக் கூலரில் வேறுபாடு 70. பாதி குறைய, எண்ணெய் 75 டிகிரி.

இரண்டாம் வரிசை: துணைக் கூலர் முதலில், ரேடியேட்டர் பிறகு. துணைக் கூலரில் வேறுபாடு 90. பாதி குறைய, எண்ணெய் 85 டிகிரி. நல்ல குளிர்ச்சிதான்! ஆனால் அடுத்து அது 90 டிகிரி நீருக்குள் நுழைகிறது. இப்போது நீர்தான் எண்ணெயைச் சூடாக்குகிறது. வெளியே வரும்போது 87.5 டிகிரி.

அதே கார், அதே கூலர், அதே செலவு. குழாயை மாற்றி இணைத்ததனால் 12.5 டிகிரி வேறுபாடு! எண்கள் நம் வசதிக்கு எடுத்துக்கொண்டவையே. ஆயினும் பாடம் உண்மையானது. முதலில் சூடான கூலர், பிறகு குளிர்ந்த கூலர். அதாவது துணைக் கூலரை, எண்ணெய் ரேடியேட்டரிலிருந்து கியர்பெட்டிக்குத் திரும்பும் குழாயில் இணைக்க வேண்டும்.

மாற்றுக் கருத்து

"பழைய ரேடியேட்டரை நம்பாதீர்கள். அதன் உள்குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் நீரும் எண்ணெயும் கலந்துவிடும். ரேடியேட்டரைத் தவிர்த்து, எண்ணெயைத் துணைக் கூலரில் மட்டும் விடுங்கள்" என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சிலர் சொல்வதுண்டு. இதைத் தள்ளிவிட முடியாது. நீர் கலந்தால் எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்துவிடும், கிளட்ச் தகடுகள் ஊறிப் பிரியும், கியர்பெட்டியே பாழாகும்.

ஆனால் அந்த யோசனை நோயை விட்டுவிட்டு வலியை மட்டும் மறைப்பதாகும். நம் கணக்குப்படி துணைக் கூலர் மட்டும் இருந்தால் எண்ணெய் 85 டிகிரியில் திரும்பும்; இரண்டும் சரியான வரிசையில் இருந்தால் 75. மார்கழிக் காலையில் ஆசனூரிலோ தாளவாடியிலோ காரைக் கிளப்பினால் எண்ணெய் குளிர்ந்து தடித்திருக்கும். அப்போது ரேடியேட்டர் நீர்தான் அதை விரைவில் பதமான சூட்டுக்குக் கொண்டுவரும். ஆகவே பழைய ரேடியேட்டரை முதலில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கெட்டிருந்தால் மாற்ற வேண்டும். மாற்ற வழியே இல்லாதபோது மட்டும், போதிய அளவுள்ள துணைக் கூலரைத் தனியே நம்பலாம்.

சின்ன வேலை, பெரிய விளைவு

குழாய் இணைப்பதும் விளையாட்டல்ல. தண்ணீர் ஹோஸ் இங்கே உதவாது. சூடான எண்ணெய் அதை ஊதவைத்து வெடிக்கச் செய்யும். எண்ணெயையும் வெப்பத்தையும் தாங்கும் ஹோஸ்தான் வேண்டும். என்ஜின் ஓடும்போது அசையும். ஆகவே ஹோஸ் விறைப்பாக இராமல் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். எந்த இடத்திலும் மடிந்து நெரியக்கூடாது. ஏனெனில் பெரும்பாலான கியர்பெட்டிகளில், கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய்தான் சுழலும் பாகங்களுக்கு மசகு ஆகிறது. புகைக்குழாய்க்கு அருகில் ஹோஸைக் கொண்டுபோகவே கூடாது. எண்ணெய் கசிந்து சூடான இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய் அளவைச் சரிபார்க்க வேண்டும். புதிய கூலரும் ஹோஸும் கொஞ்சம் எண்ணெயைத் தமக்குள் எடுத்துக்கொண்டிருக்கும்.

கூலரால் ஆகாத வேலை

இவ்வளவும் சரியாகச் செய்த பின்னும் ஒன்றை மறக்கக்கூடாது. ஏறிய கார் இறங்கியாக வேண்டும். ஆட்களோடு 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் 700 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என வைத்துப் பெருக்கினால் 1,05,00,000 ஜூல் ஆற்றல். 30 டிகிரியிலுள்ள ஏறத்தாழ 35 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது! கியர் நெம்பை 'டி'யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு இறங்கினால், இதில் பெரும்பகுதி பிரேக் தகடுகளில்தான் இறங்கும். எவ்வளவு பெரிய கூலரும் பிரேக்கைக் குளிர்விக்காது. அதற்கு மருந்து, நெம்பை '2'இலோ 'எல்'இலோ வைத்து என்ஜினையே தடையாகப் பயன்படுத்துவதுதான். "எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு" என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொன்னது இதைத்தான்.

இது ஒருவருடைய காரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. திம்பம் சாலை தமிழகத்தையும் கர்நாடகத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. 2013இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடே செல்வது. ஒரு வளைவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் மேலும் கீழும் வண்டிகள் வரிசையாக நின்றுவிடும். தாளவாடி மலையிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு சத்தியமங்கலம் வரும் ஆம்புலன்சும் அந்த வரிசையில் இருக்கலாம். நம் காரைச் சரியாக வைத்திருப்பது நாம் பிறருக்குச் செய்ய வேண்டிய கடமையும் ஆகும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆசிரியர் துணையோடு ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்யலாம். ஒரு பாத்திரத்தில் 50 டிகிரி வெதுவெதுப்பான நீர். மற்றதில் குழாய் நீர். 70 டிகிரி நீருள்ள சிறு உலோக டம்ளரை முதலில் வெந்நீரிலும், பிறகு குழாய் நீரிலும் இரண்டிரண்டு நிமிடம் வைத்து வெப்பமானியால் அளந்து குறியுங்கள். மறுபடி 70 டிகிரி நீரோடு, வரிசையை மாற்றிச் செய்யுங்கள். எந்த வரிசையில் நீர் அதிகம் குளிர்ந்தது?

வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவர் எந்த மடையை முதலில் திறப்பது, எதை அடுத்துத் திறப்பது என்று யோசித்தே மண்வெட்டியை எடுக்கிறார். வெப்பத்தை நடத்துபவருக்கும் அதே நிதானம் வேண்டும். அடுத்த முறை யாரேனும் "ஒரு கூலர் போட்டால் போதும்" என்று சொன்னால், "எதற்குப் பிறகு?" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக்காக இருந்தால் மகிழ்ந்து விடை சொல்வார்.